காலியாக விட்ட கட்டம்

மார்ச் 12, வியாழன்

இன்று ஆய்வுக்குப் போன அரசு மருத்துவமனையில், காலை பத்து மணிக்குப் பிரசவமான பெண்ணின் படிவத்தைப் பார்த்தேன். நான் தயாரித்த படிவம்தான். பிரசவமாகி ஒரு மணி நேரம் கழித்து ரத்தப்போக்கைப் பார்த்தாயிற்று என்று டிக் போட்டிருந்தது. அப்போது மணி பத்தேகால்.

நர்ஸ் செல்வியிடம் காட்டினேன். அவர் மறைக்கவில்லை.

“மூணு பிரசவத்துக்கு நான் ஒருத்திங்க மேடம். முதல்லயே போட்டுருவோம்.”

“பாக்க முடியலைன்னா காலியா விடுங்களேன்.”

சிரித்துவிட்டார். “அப்படி உட்ட இங்கத்த நர்ஸ் சரோஜாக்காவை மறந்துட்டீங்களா? பாக்கலை, அதான் எழுதலைன்னு நிசத்தைச் சொன்னாங்க. உங்க ரிப்போர்ட்டு போனதும் அவங்களுக்கு நோட்டீஸ் வந்துச்சுங்க.”

மறந்துதான் போயிருந்தேன். நான் பெயர் எழுதவில்லை. விடுபட்ட கட்டங்களை எண்ணி அனுப்பினேன், அவ்வளவுதான். பெயரை மேலே இருப்பவர்கள் கண்டுபிடித்துக்கொண்டார்கள். மறு வருடம் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன. அதை முன்னேற்றம் என்று பெங்களூரில் ஒரு மாநாட்டில் மேடையேறிச் சொன்னேன். கைதட்டினார்கள்.

பதினொரு மணிக்கு நானே போய் அந்தப் பெண்ணின் வயிற்றை அழுத்தி, ரத்தப்போக்கைப் பார்த்தேன். நன்றாக இருந்தாள். ஒரு நோயாளியைத் தொட்டு எத்தனை வருடமாயிற்று என்று யோசிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

நாளை அறிக்கை அனுப்ப வேண்டும். உள்ளதை எழுதினால் செல்விக்கு நோட்டீஸ். எழுதாவிட்டால் இன்னொரு கைதட்டல். அறிக்கையில் அந்த இடத்தை இன்னும் காலியாகவே விட்டிருக்கிறேன்.

சரோஜா இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்காமலே வந்துவிட்டேன்.