வண்டியில் ஒரு புதிய பாட்டுப்பெட்டி

4 மார்ச், செவ்வாய்

ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போகும் வழியில், என் உரையின் முடிவுப் பகுதியை மூன்றாம் முறையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியை ஓட்டியபடியே என் கணவர் சொன்னார்: "ஸ்டீரியோவ மாத்தலாம்னு இருக்கேன். கம்பெனி குடுத்தத எடுத்துட்டு வெளில வாங்கிப் போடலாம்."

இருப்பதற்கு என்ன கேடு என்று கேட்டேன்.

"ஆறு வருஷமா ஓடலையே."

ஆறு ஆண்டுகள்! கூட்டங்களுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஓடவில்லை என்பது எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? இந்த வண்டியில் என் குரலைத் தவிர வேறு எது ஒலிக்க நான் இடம் கொடுத்தேன்?

5 மார்ச், புதன்

அவருக்கு வியப்பூட்ட எண்ணி ஒன்று செய்தேன். கூட்டங்களில் பதிவான என் உரைகள் நாற்பதையும் ஒரு பென்டிரைவில் ஏற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். புதுப்பெட்டியில் முதலில் ஒலிப்பது அதுவாகவே இருக்கட்டும். மகிழ்வார்.

8 மார்ச், சனி

கடையில் இரண்டரை மணி நேரம். கடைக்காரர் நாற்பது வயதிருக்கும் மனிதர். சொல்லை எண்ணிப் பேசுபவர். தட்டையான பிளாஸ்டிக் நெம்பியால் முகப்பை ஓரம் ஓரமாகக் கிளப்பி, நான்கு திருகுகளைக் கழற்றிப் பழைய பெட்டியை வெளியே இழுத்தார். பின்னாலிருந்து நிறம் நிறமாய் வயர்கள் வந்தன. பலர் அவற்றை வெட்டி ஒட்டிவிடுவார்கள் என்றும், தாம் வெட்டுவதில்லை, நடுவில் ஓர் இணைப்பைச் செருகுவதோடு சரி என்றும் சொன்னார். நாளைக்கே பழையதைத் திரும்ப மாட்ட வேண்டுமென்றாலும் வண்டிக்குக் காயம் இருக்காதாம். கதவுகளில் புது ஒலிபெருக்கிகளையும் பொருத்தினார்.

பெட்டி உயிர்பெற்றதும் என் பென்டிரைவை நானே செருகினேன். கடை அதிர்ந்தது. தண்ணீர் உரிமை மாநாட்டில் நான் பேசியது. கடைக்காரர் ஒலியைக் குறைத்துவிட்டு, "ஸ்பீக்கர் புதுசும்மா, முதல் நாளே இவ்வளவு கோபம் தாங்காது" என்றார்.

என் கணவர் சிரித்தார். "நல்லா இருக்கு" என்றார்.

எந்தக் கூட்டம் சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன், விளையாட்டாகத்தான். அன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர். அந்த உரையில் "தண்ணீர்" என்ற சொல் வராத வாக்கியமே இல்லை.

அவர் சுவரில் தொங்கிய கம்பிச் சுருள்களைப் பார்த்துக்கொண்டு, "ஏதோ... ஆசிரியர் சங்கம்தானே?" என்றார்.

9 மார்ச், ஞாயிறு

காலையில் காப்பி கொடுக்கும்போதே கேட்டுவிட்டேன், நான் பேசுவது காதில் விழுகிறதா என்று. மறைக்கவில்லை அவர்.

"ரெண்டு வருஷமா இப்படித்தான். நீ பேசுறது சத்தமாக் கேக்குது, சொல்லாக் கேக்கல. இடி இடிக்கிற மாதிரி இருக்கும், மழை வராது."

வீட்டில் எதிரே நின்று பேசும்போது உதட்டைப் பார்த்துச் சமாளித்திருக்கிறார். வண்டியில் சாலையைப் பார்க்க வேண்டும், ஆகவே தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார். பாட்டாவது தெளிவாகக் கேட்கிறதா என்று தனியே சோதித்துப் பார்க்கத்தான் பெட்டியை மாற்ற நினைத்தாராம்.

ஏன் சொல்லவில்லை?

"மேடைய விட்டு எறங்கினதும் நீ முதல்ல என் மூஞ்சியத்தான பாக்குற. அதுல என்னத்தச் சொல்றது?"

ஐயாயிரம் பேருக்குக் கேட்க வேண்டும் என்று தொண்டையைத் தீட்டினேன். பக்கத்து இருக்கைக்கு — ஐயோ, பக்கத்து இருக்கைக்குக் கேட்கலையே. ரெண்டு வருஷமா யார்கிட்டப் பேசிட்டு வந்தேன் நான்?

11 மார்ச், செவ்வாய்

செவி மருத்துவரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கினேன்.

13 மார்ச், வியாழன்

செவி மருத்துவர் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ஒலி விடும்போதெல்லாம் வெளியே கருவியில் சிறு விளக்கு எரிவதை நான் பார்த்தேன். அவர் விரல் அசையவில்லை. அந்தப் பொத்தானை நான் போய் அழுத்திவிட மாட்டேனா என்றிருந்தது.

தாளில் ஒரு கோடு வரைந்து தந்தார்கள். தடித்த ஒலிகளில் சமமாகச் செல்லும் கோடு, மெல்லிய கூர்மையான ஒலிகளில் படியிலிருந்து தவறியதுபோல் கீழே விழுகிறது. சொல்லுக்கு விளிம்பு தருபவை அவைதானாம். அவை போனால் ஓசை மட்டும் மிஞ்சும். கருவி மாட்டினால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும், தள்ளிப் போடாதீர்கள் என்றார் மருத்துவர்.

இவர் வேண்டாம் என்றுவிட்டார். வழியில் நான் வாதாடினேன் — அதுவும் அவருக்குக் கேட்கும்படி கத்தி. சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது சொன்னார்:

"முப்பத்தோரு வருஷம் அச்சகத்துல புரூஃப் பாத்து அடுத்தவன் விட்ட எழுத்தப் புடிச்சவன் நான். இப்ப என் காதே எழுத்த விடுதுன்னு ஊருக்குக் காட்டணுமா?"

கையிலிருந்த சோதனைத் தாளை இருக்கையோரம் போட்டேன்.

15 மார்ச், சனி

கூட்டம் முடிந்து இறங்கினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே வண்டிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

17 மார்ச், திங்கள்

புதுப்பெட்டியைச் சுற்றியுள்ள சட்டம் மேடு பள்ளத்தில் லொடலொடவென்றது. திரும்பக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு கொக்கியை மாற்றி அழுத்தினார், சரியாயிற்று. குனிந்தவர் இருக்கையில் கிடந்த தாளைப் பார்த்தார். பாட்டுக் கருவியின் ஏதோ வரைபடம் என்றே எண்ணியிருக்கிறார். "இது எந்த ஸ்பீக்கருக்கு எடுத்தது? மேல சுத்தமா விழுந்திருக்கே" என்று கேட்டுவிட்டார்.

நான் பதறினேன். இவரோ அமைதியாகத் தம் காதைத் தொட்டுக் காட்டினார்.

கடைக்காரர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தாளை எடுத்துப் புதுப்பெட்டியின் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். திரையில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய பதின்மூன்று கட்டைகள், தடித்த ஒலியிலிருந்து கூர்மையான ஒலிவரை. தாளில் கோடு எங்கெங்கே விழுகிறதோ அங்கங்கே கட்டையை அந்த அளவுக்கு உயர்த்தினார். பள்ளத்துக்குச் சரியான மேடு. "காதுக்கு இது வைத்தியம் இல்ல சார். ஆனா இதுக்குள்ள உக்காந்தா என்ன போயிருக்குன்னு தெரியும்."

ஒரு பழைய பாட்டைப் போட்டார். எனக்குத் தட்டில் கத்தியைத் தேய்ப்பதுபோல் கூசியது, பல்லைக் கடித்துக்கொண்டேன். இவர் அசையாமல் இருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, "பின்னாடி மணி அடிக்குது" என்றார். "இந்தப் பாட்டுல மணி இருந்தத மறந்தே போயிட்டேன்."

கடைக்காரர் கதவை மெல்லச் சாத்திவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

"உன் பேச்சு இருக்குல்ல. போடு."

வேண்டாம் என்றேன். போடச் சொன்னார். நாற்பது நிமிட உரை, நிறுத்தாமல் கேட்டார். என் குரல் வேம்பாய்க் கசந்தது எனக்கு — இவ்வளவு கூச்சலா போடுகிறேன்? அவர் கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது; என் சொற்களை ஒவ்வொன்றாகத் தம் வாயில் வைத்துப் பார்ப்பதுபோல.

முடிந்ததும் வண்டியைக் கிளப்பினார். "வியாழக்கிழமை டாக்டர் இருப்பாரா?" என்றார்.

இருப்பார் என்று மட்டும் சொன்னேன். வேறெதுவும் பேசினால் அழுதுவிடுவேன்.

27 மார்ச், வியாழன்

அளவெடுத்துச் செய்த கருவிகள் இன்று வந்தன. இரண்டு காதிலும் ஒவ்வொன்று. சுண்டுவிரல் நகம் அளவு. வீட்டுக்கு வந்ததிலிருந்து புகார்தான். குழாய் சீறுகிறதாம். செய்தித்தாளைப் புரட்டினால் முறுக்குக் கடிப்பதுபோல் இருக்கிறதாம். "நீ செருப்ப இப்படித் தேச்சா நடப்ப?" என்று என்னைக் கேட்டார். முப்பது ஆண்டு இல்லறத்துக்குப் பிறகு!

6 ஏப்ரல், ஞாயிறு

நூலக இயக்கக் கூட்டம். நன்றாகப் பேசினேன் என்றே நினைத்தேன். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை, தொடங்கிவிட்டார். இரண்டாவதாக நான் வைத்த வாதம் முதல் வாதத்தையே அடித்து வீழ்த்துகிறதாம். முடிவுரையில் வேகம் கூடி மூன்று சொற்களை விழுங்கினேனாம். எந்த மூன்று என்றும் சொன்னார். "கைதட்டினவங்க கவனிக்கல. நான் கவனிச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. மறுத்துப் பேசினேன். அவர் விடவில்லை, பாலத்தில் ஏறும்போதும் வாதம், இறங்கும்போதும் வாதம். வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திய பிறகும் நாங்கள் இறங்கவில்லை. இன்னும் இரண்டு குறை மிச்சமிருந்ததாம்.

சொல்லுங்கள் என்றேன்.