புரட்டிப் படுக்கவைக்க ஒரு கை

மீமிசல்
10.11.2024

அன்பு மகள் மர்யமுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் அத்தாவை வீட்டுக்குள் எடுத்த அன்றே என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். தபால்காரரை பிளாக் பண்ண முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

நான் என்ன, ஆசைப்பட்டா எடுத்தேன்? நம்மை விட்டுவிட்டு மணமேல்குடிக்குப் போய் சபுராவைக் கட்டிக்கொண்டார். பக்கவாதம் வந்ததும் அவளுடைய அண்ணன்மார் லோடு ஆட்டோவில் கொண்டுவந்து நம் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். மீன் பெட்டியைக்கூட இதைவிடப் பதமாக இறக்குவார்கள்.

முதுகெல்லாம் புண். நாற்றம் சொல்லி மாளாது. துடைக்கும்போது குடலே வெளியே வந்துவிடும் போலிருக்கிறது. அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் புண் எலும்பைத் தொட்டுவிடும் என்கிறார் நர்ஸ். ஒருத்தியால் அது முடிகிற காரியமா?

பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அல்லாஹ் பெரியவன் ரம்லத்து, அவன் பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். பெரியவன்தான், யார் இல்லை என்றது? இந்தப் பக்கம் பிடிக்கட்டுமா என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. புண்ணைவிட இவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அருவருப்பு.

நீ வந்து ஒரு கை பிடிப்பாயா?

துஆவுடன்,
அம்மா ரம்லத் பீவி

புதுக்கோட்டை
16.11.2024

அம்மாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

வரமாட்டேன். ஏழு வயதில் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்து "அத்தா" என்று கூப்பிட்டேன். அந்தப் பொம்பளையோடு நின்றவர், யாரோ பிச்சைக்காரப் பிள்ளை கூப்பிட்ட மாதிரி முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைத்தானே துடைக்கச் சொல்கிறீர்கள்? நினைத்தாலே குமட்டுகிறது.

உங்களாலும் முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். முடியாத காரியத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று இருக்காதீர்கள்.

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

மர்யம்

மீமிசல்
30.11.2024

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சாப்பிடுகிறேன், வாந்தி வராத நேரத்தில். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

தொழுகையில் நேராகவே கேட்டேன். 'யா அல்லாஹ், இந்த மனுஷன் மேல் எனக்குப் பிரியம் வரவேண்டாம். குமட்டல் நிற்க வேண்டும், புரட்ட இன்னொரு கை வேண்டும். மனுஷர்களால் ஆகவில்லை, நீ பெரியவன், உன்னால் ஆகும்.' குமட்டலுக்கு விக்ஸைக் கண்ணில் காட்டினான். மூக்கடியில் அப்பிக்கொள்கிறேன்.

கை கேட்டதற்கு யாரை அனுப்பினான் தெரியுமா? சபுராவை!

ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள். "அருவருப்பு தாங்காமத்தான் அண்ணங்ககிட்ட தூக்கிட்டுப் போகச் சொன்னேன். அங்கிட்டு ஒரு வாய் சோறு எறங்கல. நீங்க அடிச்சாலும் போகமாட்டேங்க" என்றாள். அடிக்கத்தான் கை ஓங்கினேன். அவள் மூஞ்சியைப் பார்த்ததும் விக்ஸையும் மீறிக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவரைப் புரட்டுகிற நேரம் ஆகிவிட்டிருந்தது. "அந்தப் பக்கம் பிடிடி" என்றேன். பிடித்தாள்.

இப்போது புண்ணில் நாற்றம் குறைந்திருக்கிறது. நர்ஸே ஆச்சரியப்படுகிறார். நான் உன்னைக் கேட்டேன், அவன் அவளை அனுப்பினான். அவன் பெரியவன்தான். எனக்குத்தான் அவளைக் கண்டால் ஆகாது.

வேறு இடமில்லாததால் உன் கட்டிலில்தான் படுக்கிறாள். இனி நீ சிரமப்பட வேண்டாம்.

அம்மா

புதுக்கோட்டை
4.12.2024

அம்மாவுக்கு,

என் கட்டிலிலா? என் தலையணையில் அவள் தலையா? சீ! உங்களுக்கு அருவருப்பாகவே இல்லையா?

அவளைக் கீழே பாயில் படுக்கச் சொல்லுங்கள். போர்வையைத் துவைத்து வையுங்கள். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அவருக்காக இல்லை. அந்த முதுகுப் பக்கமே வரமாட்டேன், கால் பக்கம் பிடிக்கிறேன். விக்ஸ் நானே வாங்கி வருகிறேன், அவள் விரல் விட்ட டப்பா எனக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும். நான் வாசலில் கால் வைக்கும்போது அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "அல்லாஹ் பெரியவன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

மர்யம்