இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு

சின்சினாட்டி
மார்ச் 9, 1973

அன்புள்ள டெல்மர்,

நீ சௌக்கியம் என்று உன் அம்மா போனில் சொன்னார்கள். அதை நீயே இரண்டு வரி எழுதிப் போட்டிருந்தால் கை தேய்ந்துபோயிருக்காது. உன் அண்ணனின் டயர் கடையில் வேலை செய்கிறாயாமே. குளிரில் இரும்பைத் தொட்டால் விரல் வெடிக்கும். கையுறை போட்டுக்கொள்.

நம் நார்த் ஃபோர்க் குழுவின் இரண்டாவது ஆல்பம் பதிவு இங்கே முடிந்துவிட்டது, லெக்சிங்டன் வீட்டுக்குத் திரும்பப் போகிறேன். ஜனவரியில் எந்தப் பாட்டின் பேரால் சண்டை போட்டுக் கிடாரைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாயோ, அந்தப் பாட்டு ரெக்கார்டின் இரண்டாம் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. பதினேழு நிமிஷம், ஒரு வார்த்தை கிடையாது. என் பாஞ்சோ தொடங்கும், வெண்டலின் பேஸ் வந்து சேரும், அப்புறம் ட்ரம்ஸ். ஆமாம், ட்ரம்ஸ்தான். நம் மலைநாட்டு ப்ளூகிராஸ் இசையில், தந்திக் கருவிகளுக்கு நடுவே ட்ரம்ஸா என்று நீ பல்லைக் கடிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. வாசிக்கிறவர் பெயர் லயனல். ஜாஸ் கிளப்புகளில் வாசிக்கிறவர். எங்கள் வேகத்தைப் பார்த்து முதல் நாளே, "உங்க ஊர்ல எல்லாரையும் யாராவது துரத்திக்கிட்டே இருப்பாங்களா?" என்று கேட்டார்.

ரெக்கார்டு கம்பெனிக்காரர் வந்து கேட்டார். நெடுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "ஏம்மா, இதுல பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்.

"அது ஆரம்பிச்சு பத்து நிமிஷம் ஆச்சுங்க," என்றான் வெண்டல்.

"மூணு நிமிஷமா வெட்டிக் குடுங்க. ரேடியோவுல போடுவாங்க."

"வெட்டணும்னா முதல்ல என் கையை வெட்டுங்க," என்றேன். எனக்கு அப்படிப் பேச வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

முதல் பக்கத்தில் நீ பாட வேண்டிய பாட்டுகளை நான் பாடியிருக்கிறேன். போன ஆல்பத்தில் உன் முதுகுக்குப் பின்னால் நின்று 'ஊ' என்று இழுத்தவள்தான். மாதிரி இசைத்தட்டு ஒன்று அனுப்புகிறேன். கடைசிவரைக்கும் கேட்டுவிட்டுத் திட்டு.

உன்,
ரோவீனா


மோர்ஹெட்
மார்ச் 21, 1973

அன்பு ரோவீனா,

தட்டு உடையாமல் வந்தது. அம்மாவின் ரெக்கார்டு பெட்டியில் போட்டேன். பாதியில் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏண்டா, ஊசி மாட்டிக்கிச்சா?" என்றாள். "இல்லம்மா, உன் மருமகதான்," என்றேன். "ஐயோ, சரியாச் சாப்பிடுறாளோ என்னவோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உனக்குச் சோள ரொட்டி கொடுத்தனுப்ப வேண்டுமாம்.

ஹோபர்ட் கடைக்கு வந்திருந்தார். ஜூனில் தன் பண்ணையில் நடத்தும் இசை விழாவுக்கு ஆட்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உன் பாட்டைப் போட்டுக் காட்டினேன். "தம்பி, எங்க வீட்டுக் கறவை மெஷின் கெட்டுப்போனப்ப இதே சத்தம்தான் வந்துச்சு," என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கோபிக்காதே.

ஆனால் அவர் சொன்னதைக் கேள். நான் குழுவுக்குத் திரும்பி வந்து பழைய பாட்டுகளைப் பாடினால் சனிக்கிழமை கடைசி நிகழ்ச்சி நமக்குத்தான். ட்ரம்ஸ் மேடை ஏறக் கூடாது, அந்த நீளப் பாட்டும் கூடாது. அவ்வளவுதான். மடக்கு நாற்காலியைக் கட்டிக்கொண்டு மூன்று மாநிலம் தாண்டி வருகிற ஜனங்கள் என் குரலைக் கேட்கத்தான் வருகிறார்கள். கர்வத்தில் சொல்லவில்லை, அவர்களே சொல்கிறார்கள்.

பிடிவாதத்தை விடு. குழுவும் ஒன்றாகட்டும், வீடும் ஒன்றாகட்டும்.

அன்புடன்,
டெல்மர்


லெக்சிங்டன்
ஏப்ரல் 2, 1973

அன்புள்ள டெல்மர்,

அத்தையின் சோள ரொட்டிக்கு நன்றி. அதை வாங்கி வந்த வெண்டல், வழியிலேயே பாதியைத் தின்றுவிட்டதாக ஒப்புக்கொண்டான்.

ஹோபர்ட் எனக்கும் போன் செய்தார். முதல் ஆல்பத்தின் மரியாதைக்காக வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் இருபது நிமிஷம் தருகிறாராம். "அம்மிணி, நல்லதா நாலு பாட்டுப் பாடிட்டு இறங்கிடுங்க," என்றார். சரி என்றேன், நாலு என்று மட்டும் சொல்லவில்லை. பதினேழு நிமிஷம் நாங்கள் வாசிப்போம். பாக்கி மூன்று நிமிஷத்தில் ஜனங்கள் எதை வேண்டுமானாலும் எங்கள் மேல் எறியட்டும்.

நீ உன் குரலைப் பற்றி எழுதியது பொய்யில்லை. அந்தக் குரலுக்காகத்தான் நானும் உன்னிடம் வந்தேன். ஆனால் வீட்டையும் குழுவையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஹோபர்ட்டின் கையெழுத்தை மேலே ஒட்டி அனுப்பினாயே, அதுதான் பிடிக்கவில்லை. மூட்டையைத் திருப்பி அனுப்புகிறேன்.

ரோவீனா


மோர்ஹெட்
மே 14, 1973

ரோவீனா,

ஜூன் விழாவில் சனிக்கிழமை நான் ஹோபர்ட்டின் ஆட்களோடு பாடுகிறேன். நீ வேறு யார் மூலமாகவோ தெரிந்துகொள்ளக் கூடாது என்று எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் கோபம் ட்ரம்ஸ் மேல் இல்லை. நம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அந்தப் பாட்டைச் செய்திருக்கிறாய். ஒத்திகையில் எல்லாரோடும் சேர்ந்து, மூன்றாம் மனிதனைப் போல நான் முதல் தடவை கேட்டேன். வெண்டலுக்கு அதற்குள் மனப்பாடம். அவன் சிரித்துக்கொண்டே வாசித்தான். நான் கிடாரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

டெல்மர்


லெக்சிங்டன்
ஜூன் 27, 1973

டெல்மர்,

விழாவில் நாங்கள் வாசித்தபோது நீ வேலியோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். ஆகையால் பாதிக் கதை உனக்குத் தெரியும். மேடையிலிருந்து பார்த்தவள் சொல்வதையும் கேட்டுக்கொள்.

மூன்றாவது நிமிஷத்தில் முதல் நாற்காலி மடங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. லயனல் அந்தச் சத்தங்களோடு சேர்ந்து ட்ரம்ஸை அடிக்க ஆரம்பித்துவிட்டார், வெண்டலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முன் வரிசைப் பெரியவர் ஒருவர், "வீட்டுக்குப் போய் சமையலப் பாரு!" என்று கத்தினார். "அடுப்புல வச்சிட்டுத்தான் வந்திருக்கேன், இன்னும் வேகல!" என்று நானும் கத்தினேன். பாஞ்சோவை நிறுத்தவில்லை.

ஒன்பதாவது நிமிஷத்தில் மைக் செத்தது. பேஸும் ஊமையானது. ஹோபர்ட் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். நீ நிறுத்தவில்லை என்று தெரியும். போடச் சொல்லவும் இல்லை.

வாசிப்பை விட்டால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அதனால் வாசித்துக்கொண்டே படியிறங்கிப் புல்லுக்குப் போனேன். லயனல் ஒரு ட்ரம்மை மட்டும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். பக்கத்துக் குழுவில் ஒருவரின், மின்சாரம் தேவைப்படாத மர பேஸைக் கேட்காமலே பிடுங்கிக்கொண்டு வந்தான் வெண்டல். மைக் இல்லாததால் கேட்க வேண்டியவர்கள் கிட்டே வர வேண்டியிருந்தது. வந்தார்கள். பின்னால் லாரிகள் மேல் உட்கார்ந்திருந்தவர்கள், நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகலாமா நிற்கலாமா என்று பார்த்தவர்கள். பெரிய கூட்டமில்லை. ஆனால் கடைசிச் சுரம் வரைக்கும் ஒருவரும் அசையவில்லை. ஹோபர்ட் வந்து, "இனிமே என் மண்ணுல கால் வைக்காதே," என்றார். "வச்ச காலை எடுத்துட்டுப் போறேங்க," என்றேன்.

இப்போது உன் கடிதத்துக்குப் பதில். அந்தப் பாட்டை உனக்குத்தான் முதலில் வாசித்தேன். போன நவம்பரில், சமையலறையில். நீ கூடத்தில் டிவியில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தாய். "ரோ, கதவைச் சாத்திக்கிட்டு வாசி," என்றாய். மறுநாளும் வாசித்தேன், மறுநாளும் சாத்தச் சொன்னாய். வெண்டல் சாத்தச் சொல்லவில்லை. உட்கார்ந்து கேட்டான். அவ்வளவுதான் அவனுக்கும் உனக்கும் வித்தியாசம். வேறு எதையும் கற்பனை செய்துகொள்ளாதே.

ரோவீனா


மோர்ஹெட்
செப்டம்பர் 3, 1973

அன்பு ரோ,

எத்தனையோ தடவை எழுதிக் கிழித்தேன். கதவு விஷயம் எனக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இல்லாததுதான் இப்போது தூங்க விடாமல் செய்கிறது.

கல்லூரி ரேடியோக்காரர்கள் உங்கள் இரண்டாம் பக்கத்தை முழுசாகப் போடுகிறார்கள். நேற்று ஒருவர் டயர் மாற்ற வந்தார். வேலை முடிந்த பிறகும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். "என்ன சார், இன்னும் ஏதாவது கோளாறா?" என்றேன். "இருங்க, பாட்டு முடியட்டும்," என்றார். நானும் நின்று கேட்டேன். பதினோராவது நிமிஷத்தில் பாஞ்சோ தனியாக மேலே ஏறுகிறதே, அது உன் கோபம் என்று நினைத்திருந்தேன். சந்தோஷம் போலிருக்கிறது.

அக்டோபரில் லெக்சிங்டன் கல்லூரி அரங்கில் வாசிக்கிறீர்களாமே. உனக்குப் பாடுவதும் வாசிப்பதும் சேர்ந்து சுமையாக இருக்கும். பாட்டுகளை நான் பார்த்துக்கொள்கிறேனே. ட்ரம்ஸ் இருக்கட்டும். நான் வீட்டுக்கு வந்துவிடட்டுமா?

உன்,
டெல்மர்


லெக்சிங்டன்
செப்டம்பர் 9, 1973

அன்புள்ள டெல்மர்,

சந்தோஷம்தான். சரியாகக் கேட்டிருக்கிறாய்.

ஆனால் நீ இன்னமும் இரண்டு இடங்களை ஒன்றாக நினைத்து எழுதுகிறாய். பாடுகிறவர் இடம் நிரம்பிவிட்டது. அதில் நான் நிற்கிறேன். சுமையாக இல்லை, நகர்வதாகவும் இல்லை. உன் குரல் என்னுடையதைவிட நல்ல குரல் என்று வெண்டலே சொல்வான். இருந்துவிட்டுப் போகட்டும்.

கணவன் இடத்துக்கு வேறு யாரையும் வைக்கவில்லை.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, மாலை ஏழு மணி. வாசலில் டிக்கெட் வாங்கிக்கொள், ஓசி கிடையாது. கிடாரைக் கொண்டுவராதே. முன் வரிசையில் உட்கார். நிகழ்ச்சி முடிந்ததும் எனக்கு அகோரப் பசி எடுக்கும். வண்டி ஓட்ட ஆள் வேண்டும்.

ரோவீனா