தம்பியின் இயக்கப் பெயர்

2004 மே 9, ஞாயிறு

லண்டன் வெம்பிளியில் ஒரு தமிழ்க் கடையில் இன்று பிரான்ஸிலிருந்து வந்த ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். இயக்கத்தில் போராளியாக இருந்தவராம். போரில் இறந்த என் தம்பி குகனின் படத்தைப் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

“இது எங்கட நேசனெல்லே! நானும் இவனும் ஒரே பங்கருக்குள்ள இருந்து சண்டை பிடிச்சனாங்கள்.”

“இல்லை, இவன் குகன். நேசன் நான்தான்.”

அவர் என்னையே பார்த்தார்.

“இயக்கத்தில சேர்ந்தா வேற பேர் வைக்கவேணும் அண்ணை. அவன் உங்கட பேரைத்தான் கேட்டு வாங்கினவன்.”

நான் லண்டனுக்குப் புறப்பட்ட அன்று குகன் வழியனுப்ப வரவில்லை. கோபம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். சாகும்வரை அவனை என் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லலாம் என்றால் அம்மாவும் இல்லை.

சற்று முன் இந்த அறையில் “நேசன்” என்று அவனைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.