பூப்போடாத பீங்கான்

சேலத்துக் கடைவீதியில் இன்றைக்குக் கடைக்காரர் ஒரு பீங்கான் தட்டை விரல் கணுவால் தட்டிக் காட்டினார். ணங்கென்று அது ஒலித்ததும் நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டேன். சீர்ப் பாத்திரத்தோடு வெள்ளைப் பீங்கானும் வேண்டும் என்று நம் மகள் பிடிவாதம் பிடித்ததால், சங்ககிரியிலிருந்து, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓட்டுகிற பஸ்ஸில் இடுப்பொடியப் போயிருந்தேன். ஆமாங்க, அவளுக்குக் கல்யாணம். தை பிறந்ததும் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீடு ராசிபுரத்துப் பக்கம். நல்ல பையன் என்கிறார்கள். கெட்ட பையன் என்று சொல்லிக்கொண்டு யார் பெண் கேட்க வருகிறார்கள்?

யுத்தத்தால் கப்பல் சரக்கு வருவதில்லையாம். இருக்கிற பழைய சரக்கைக் கடைக்காரர் வைக்கோலைக் கிளறிக் கிளறி எடுத்து வைத்தார். வைக்கோல் வாசனையும் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்த வெள்ளை விளிம்பும் என்னை என்னவோ செய்துவிட்டன. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டேன். என்னம்மா என்றாள் மகள். பஸ் புகை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை என்று சொன்னேன். கல்யாண வேலை மலைபோல் கிடக்க, வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் நீங்கள் சாப்பிட்டு எழுந்த வட்டிலில்தான் எனக்குச் சோறு. அந்த வெண்கல வட்டிலைக் கழுவாமல் அப்படியே இழுத்து வைத்துப் போட்டுக்கொள்வேன். நம் பக்கத்தில் எந்த வீட்டிலும் அதுதானே வழக்கம். நீங்கள் வாய் திறந்து ஆசையாக ஒரு வார்த்தை சொல்கிறவர் இல்லை. ஆனால் கறி ஆக்கிய நாளில் வட்டில் ஓரத்தில் நல்ல துண்டாக ஒன்று எனக்கென்று கிடக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது. புருஷன் வட்டிலில் சாப்பிடாத பெண்டாட்டியை அவன் தள்ளி வைத்துவிட்டான் என்றுதான் ஊர் பேசும்.

அப்படியிருக்க ஒரு நாள், கை கழுவிக்கொண்டே, நாளையிலிருந்து நீ தனி வட்டில் வைத்துக்கொள் என்று சாதாரணமாகச் சொன்னீர்கள். என் தலையில் கல் விழுந்த மாதிரி இருந்தது. நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று அழுதேன். உங்கள் அம்மா ஓடிவந்து, வந்தவளை அழவைத்தால் குடும்பம் விளங்காது என்று உங்களைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். நானும் பழையபடி உங்கள் வட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டேன், ஜெயித்துவிட்ட மாதிரி.

அடுத்த வாரமே சேலத்திலிருந்து வைக்கோல் சுற்றிய கூடையோடு வந்து இறங்கினீர்கள். வெள்ளைத் தட்டுகள், கிண்ணம், காப்பி குடிக்கக் கோப்பை. ஒவ்வொன்றையும் தட்டிக் காட்டினீர்கள். நல்ல பீங்கான் மணி மாதிரி ஒலிக்கும், கீறல் விட்டது பொத்தென்று கேட்கும் என்றீர்கள். வெயிலில் தூக்கிப் பிடித்து மயிர்க்கோடு இருக்கிறதா என்று பார்த்தீர்கள். இனிமேல் இதில்தான் சாப்பாடு, பட்டணத்தில் எல்லாரும் இதில்தான் சாப்பிடுகிறார்கள் என்றீர்கள். ஓரத்தில் ரோஜாப்பூப் போட்டது கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

“பூப்போட்டது வேண்டாம் புள்ள. அழுக்கு ஒட்டியிருந்தா கண்ணுக்குத் தெரியோணும்.”

துரைத்தனத்துக்கு இப்படியும் ஒரு நியாயமா என்று மனசுக்குள் பல்லைக் கடித்தேன். உங்கள் அம்மா அதைவிட மேலே போனார். எலும்பைப் பொடித்துச் சுட்டது பீங்கான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வெண்கலமென்றால் புளி போட்டுச் சாம்பலில் துலக்கினால் சுத்தம், பீங்கானில் ஒட்டிய எச்சில் ஒட்டியதுதான் என்றார். அது என்ற சமையக்கட்டுக்குள்ள வரப்படாது, வேற யாரும் அதுல தொட்டுத் திங்கவும் படாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பைக் கடித்து உறிஞ்சுகிறவர்தான், இதற்கு மட்டும் தீட்டு. நீங்கள் சண்டை போடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். சரிங்கம்மா என்று தலையாட்டிவிட்டு, மாட்டுக் கொட்டகைப் பக்கத்து மாடக்குழியில் நீங்களே அடுக்கி வைத்தீர்கள். கட்டிலையும் அந்தப் பக்கமே போட்டுக்கொண்டீர்கள்.

என் இடம் போய்விட்டது. சமையலறை மூலையில் தனி வட்டிலோடு உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன், இறங்காது. மாதம் தவறாமல் சேலம் போகிறாரே, அங்கே யாராவது இருக்கிறாளா பார் என்று பங்காளி வீட்டுப் பெண் காதைக் கடித்தாள். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன்? ஏன் இப்படி ராத்திரியெல்லாம் இருமுகிறீர்கள் என்று கேட்டால் கடலைக்காய்த் தூசி என்பீர்கள்.

அந்தப் பீங்கானால் நான் பட்ட பாடு கொஞ்சமா? முதலில் நீங்களே கழுவினீர்கள். ஆம்பளை எச்சில் தட்டுக் கழுவுவதா என்று ஊர் சிரிக்கும் என்று நான்தான் பிடுங்கிக்கொண்டேன். சாம்பல் போட்டால் கீறும், மணல் ஆகாது, தலைக்குத் தேய்க்கிற அரப்புத் தூள்தான். அதற்கப்புறம் கொதிக்கிற தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கொட்டகை வாசலில் காவல் நிற்பீர்கள். எடுத்த எடுப்பில் ஊற்றினால் விரிசல் விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிறகு கொதிநீர். வேளைக்கு வேளை ஒரு மனுஷனின் தட்டுக்காக அடுப்பு மூட்டினவள் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்திதான். முடிந்ததும் என் கையையும் கழுவச் சொல்வீர்கள். நான் அவ்வளவு அழுக்கா என்று ஒரு தடவை கேட்டே விட்டேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

பிறகு அந்த மத்தியானம். நீங்கள் பாதிச் சாப்பாட்டில் இருமிக்கொண்டு எழுந்து போயிருந்தீர்கள். கொட்டகைக்குள் ஓடிய நம் மகள், அப்போது சின்னக் குழந்தை, உங்கள் வெள்ளைத் தட்டில் கிடந்த மோர்ச்சோற்றில் கையை வைத்துவிட்டாள். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் நீங்கள் பாய்ந்து வந்து தட்டைப் பிடுங்கித் துவைக்கிற கல்லில் அடித்தீர்கள். தட்டு சுக்குநூறாகப் போனது. குழந்தை வீறிட்டது. நான் கையில் சொம்போடு நின்றேன். ஒரு நாளும் யாரையும் அதட்டிப் பேசாத நீங்கள், குழந்தையின் விரல்களை வேட்டியால் துடைத்துத் துடைத்து, வேண்டாஞ் சாமி, வேண்டாஞ் சாமி என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பிறகு இருமல் வந்தது. துண்டில் ரத்தத்தைப் பார்த்தேன்.

“சயரோகமுன்னு சேலத்து டாக்டரு சொல்லி ரொம்ப நாளாச்சு. என்ற வட்டல்ல நீ சாப்புடறதைப் பாத்தா எனக்குச் சோறு எறங்குல. நிறுத்தச் சொன்னா அழுவறே. பீங்கானுன்னா அம்மாளே நிறுத்திப்போடுமுன்னு தெரியும்.”

“என்றகிட்டச் சொல்லியிருக்கலாமுங்க.”

“சொல்லியிருந்தா உட்டிருப்பியா?”

விட்டிருக்க மாட்டேன். நீங்க போற எடத்துக்கு நானும் வாரேன் என்று அடம்பிடித்து அதே வட்டிலை இழுத்து வைத்துச் சாப்பிட்டிருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருந்தது. தள்ளி வைத்துவிட்டார் என்று நான் உங்களை வைதாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அதற்காக உங்கள் காலில் விழவேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லைங்க. என் சாவை நான் தேர்ந்தெடுத்துக்கொள்ளக்கூட நீங்கள் விடவில்லை.

அதற்குப் பிறகு மிஞ்சியிருந்த காலத்தில் ஒளிவு மறைவு இல்லை. நான் ஊட்டிவிடுவேன், தட்டைக் கொதிக்க வைப்பேன், கையைக் கழுவுவேன். நீங்கள் அதைப் பார்த்து நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வீர்கள். கடலைக்காய் பிடுங்குகிற சமயத்தில் போய்விட்டீர்கள். மிச்சமிருந்த பீங்கானை உங்கள் அம்மா குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார். அன்றைக்குத்தான் அவரும் மாடக்குழிப் பக்கம் வந்து அழுதார்.

காரியம் முடிந்ததும் என் அண்ணன் என்னையும் குழந்தையையும் அந்தச் சேலத்து டாக்டரிடம் அழைத்துப்போனார். குழந்தைக்குப் பயமில்லை என்று முதலில் சொன்னார். எனக்கு முதுகிலும் மார்பிலும் குழாயை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். இழுத்து மூச்சு விடச் சொன்னார். நான் ஒரு இருமலாவது வரட்டும் என்று காத்திருந்தேன். உனக்கு ஒரு குறையும் இல்லையம்மா, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் இத்தனை வருஷம். உழவு, அறுப்பு, உங்கள் அம்மாவின் கடைசிக் காலம், இப்போது இந்தக் கல்யாணம். அலுத்துவிட்டதுங்க. உட்கார்ந்தால் எழ மனசில்லை. ஆனால் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்று மேட்டில் ஏறி வருகிறேன், ஒரு நாள்கூட மூச்சு வாங்குவதில்லை.