கறுப்பு மூடி

பெங்களூர்
11.6.1979

அம்மாவாசை அண்ணனுக்கு, வணக்கம்.

வந்து சேர்ந்தேன். இங்கே நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் நான்கு மாத வேலை. மனம் நீங்கள் பார்த்துக்கொள்ளும் கோரிமேட்டுக் கூண்டருகே.

ஏழாம் நம்பர் குரங்கின் மூளையில் சிறு துண்டு எடுத்திருக்கிறோம். காயம் ஆற வேண்டும். மூடிகளை யாரும் எடுக்க வேண்டாம். செப்டம்பரில் ஜானகிராமன் சார் வைப்பார். நான் முன்பே பழக்கியதுதான்: கறுப்பு மூடியின் கீழ் வேர்க்கடலை, வெள்ளையின் கீழ் ஒன்றுமில்லை. அதுதான் அதற்குப் பரீட்சை. என் மூன்று வருட ஆராய்ச்சியும் அதில் இருக்கிறது.

வசந்தா

கோரிமேடு
20.7.1979

வசந்தாம்மாவுக்கு அம்மாவாசை எழுதுவது.

காயம் நன்றாக ஆறிவிட்டது. நான் அதற்கு வீராயி என்று பேர் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் வந்து பார்க்கிறேன். என் சம்சாரம் அஞ்சலாட்சி, "ஒனக்குப் பொண்டாட்டி நானா, அந்த வீராயியா?" என்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பரீட்சையைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அம்மாவாசை

பெங்களூர்
18.9.1979

அண்ணனுக்கு,

சாரிடமிருந்து தந்தி. முப்பதுக்கு இருபத்தெட்டு. அந்தத் துண்டு இல்லாமலே அதற்கு எல்லாம் நினைவிருக்கிறது. யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த மாதம் டெல்லி மாநாட்டில் நான் கட்டுரை வாசிக்க வேண்டும் என்கிறார் பேராசிரியர். நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள்.

வசந்தா

கோரிமேடு
27.9.1979

வசந்தாம்மாவுக்கு,

சனிக்கிழமை சார் என்னைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை வந்தபோது கூண்டு கழுவிக் கிடந்தது. மூளை ஜாடியில். கடைசியில் இப்படித்தான் என்று முன்பே சொல்லியிருந்தீர்கள்.

மார்க்கு வாங்கியதில் சந்தோஷம். காயம் ஆறும்வரைதான் மூடி கூடாது என்று நினைத்தேன். அப்புறம் தினமும் அரைமணி நேரம் கறுப்பு மூடிக்குக் கீழே மல்லாட்டை வைத்துப் பழக்கினேன். உங்கள் பேர் கெடக்கூடாது. சாரிடம் சொல்ல வேண்டாம்.

அம்மாவாசை

பெங்களூர்
6.10.1979

அண்ணனுக்கு,

மூன்று நாள் எழுத முடியவில்லை. பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். உங்களைக் குறை சொல்லவில்லை. கட்டுரை இல்லை. டெல்லி இல்லை.

அந்தத் துண்டு போனால் நினைவும் போகுமா என்பதுதான் என் கேள்வி. அதை உங்களிடம் சொல்லவே இல்லை. பரீட்சை என்று எழுதியது நான். தப்பு என்னுடையது.

ஜனவரியில் வேறு குரங்கு வரும். முதலிலிருந்து தொடங்குவோம். நீங்கள் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும். நீங்கள் முதன்முதலாக மூடி வைத்த நாளில் அது எதை எடுத்தது? கட்டுரைக்காகக் கேட்கவில்லை. அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

வசந்தா

கோரிமேடு
15.10.1979

வசந்தாம்மாவுக்கு,

ஜூலை ஒன்பது, திங்கட்கிழமை. பத்து தடவை வைத்தேன். எடுத்தது ஐந்து கறுப்பு, ஐந்து வெள்ளை. கைக்கு வந்ததை எடுத்தது. நடுவில் மூடியை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தது. அதற்கு ஒன்றும் தெரியவில்லை அம்மா. எல்லாம் போயிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து, "இதும்மா, இதுல கீது" என்று கறுப்பைத் தொட்டுக் காட்டினேன்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கேள்வி இப்போது புரிகிறது. அன்றைக்கே புரிந்திருந்தாலும் காட்டித்தான் இருப்பேன். அதனால் புதுக் குரங்குக்கு வேறு ஆள் பாருங்கள். ஆஸ்பத்திரி வார்டுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவாசை