நூல் கோத்துக் கொடுத்தவள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் இருமல் மட்டும் பாதி சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் உட்கார்ந்து இப்படி ஒரு கதை எழுத நேரம் ஏது. நீ அனுப்பிய புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. கடைசிப் பக்கத்தில் தையல்காரி அம்மா மகளின் கவுன் பாக்கெட்டைத் தைத்து மூடுகிறாள், அந்தப் பெண்ணும் இப்ப நான் பெரியவளாயிட்டேன்ம்மா என்று சிரிக்கிறாள், எல்லோரும் மெச்சுகிறார்கள், கதை முடிந்தது. இந்தத் தெருவில் என்னை விட்டால் வேறு தையல்காரி யார்? துணி கொடுக்க வருகிறவர்களெல்லாம் பொண்ணை எப்படி வளர்த்திருக்கீங்க என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்குப் படிப்பும் இல்லை, மறதியும் இல்லை. அப்போது நீ ஆறாம் வகுப்பு. உன் பாக்கெட்டில் ஒரு திருப்புளி, செத்த வண்டு, அடுத்த வீட்டுத் தாழ்ப்பாளின் ஆணி எல்லாம் கிடக்கும், இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொண்டு தெருவையே வாங்கிவிட்டவள் மாதிரி நடப்பாய். உன் அப்பாவின் அக்கா, உன் பெரிய அத்தை, வந்தாள். பொம்பளப் புள்ள நடக்கிற நடையா இது, நாளைக்கு எவன் வீட்டுல வெச்சுக்குவான் என்று என் மிஷினில் என் முக்காலியில் உட்கார்ந்து அவள்தான் தைத்து மூடினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் எதற்கு, வெறுமனே பார்க்கவில்லை, அவளுக்குக் கண் தெரியவில்லை என்று ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். அவள் தைத்து மூடியதற்காக முப்பத்தொரு வருஷமாக அவள் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என்னோடு நான் எப்படிப் பேசாமல் இருப்பது, அதுதான் தெரியவில்லை. நீ சிரித்தாயா என்ன? கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் அலைந்தாய், மூன்றாம் நாள் வகுப்பிலேயே தையலைப் பல்லால் கடித்துப் பிய்த்துவிட்டு உதட்டில் ரத்தத்தோடு வந்து நின்றாய். அன்றைக்கே அப்பாவின் பழைய கால்சட்டைத் துணியில் முழங்கால் வரைக்கும் ஆழமாக இரட்டைத் தையல் போட்டுப் புதுப் பாக்கெட் வைத்துக் கொடுத்தேனே, அது எங்கே போனது? குழந்தைகளுக்கு நல்லவிதமா முடியணும்னு பதிப்பகத்தில் சொன்னாங்கம்மா என்கிறாய். யாருக்கு நல்லவிதம்?

என்னைக் கெட்டவளாக எழுதியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். நேற்று உன் அண்ணன் மகள், நம் வாலு, கவுனைக் கொண்டுவந்து துணி வெட்டும் மேசையில் பாக்கெட்டைக் கவிழ்த்தாள். நத்தை ஓடு, குட்டிப் பென்சில், சைக்கிள் ஸ்பேனர். இதை மூடிக் கொடு பாட்டி, அத்தை புத்தகத்துல வர்ற மாதிரி இனிமே நான் நல்ல பொண்ணு என்றாள். நடந்ததைச் சொன்னேன், நம்பவில்லை. அச்சுல போட்டிருக்கே பாட்டி என்கிறாள். உன் அச்சுக்கு முன்னால் என் வாய் எந்த மூலைக்கு. பெல்ட் அறுந்துபோச்சு என்று புளுகிவிட்டு மிஷின் பெல்ட்டைக் கழற்றித் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன், பள்ளிச் சீருடை மூட்டை அப்படியே கிடக்கிறது.

அதனால் இந்தக் கடிதம் கண்டதும் உன் கையாலேயே வாலு பேருக்கு எழுது. பல்லால் கடித்ததை எழுது, ரத்தம் வந்ததை எழுது, நூல் கோத்துக் கொடுத்தது யார் என்பதையும் எழுது, நான் ஒன்றும் செத்துவிடமாட்டேன். அது வந்த பிறகுதான் பெல்ட் மாட்டுவேன். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. கோபம் கோபம்தான், ஆனாலும் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பெரிய அத்தைக்கு எழுதினால் நான் விசாரித்ததாக மட்டும் எழுதிவிடாதே.

உன்னைப் பெற்ற
அம்மா